பற்றுச்சீட்டில்லாக் கடன்

போர் தொடங்குமுன் அறம் பேசப்படுகின்றது. போரின் நடுவிலும், யாரைக் கொல்லலாம், யாரைக் கொல்லலாகாது என்ற அளவிலேனும், அது பேசப்படுவதுண்டு. போர் முடிந்த மறுநாட் காலையிற் பேசப்படுவது கணக்கு. எத்தனை பீரங்கிகள், எத்தனை மூடை அரிசி, எத்தனை கைதிகள், எந்தக் கப்பலில் யார் முதலில் ஏறுவது என்பனவற்றை எழுதுவினைஞர் நிரை நிரையாக எழுதுகின்றனர். மெய்யியலாளர் பலர் இவ்வேளையிற் சபையை விட்டு எழுந்து சென்றுவிடுகின்றனர். சமாதானம் வந்துவிட்டதால் தம் வேலை முடிந்தது என எண்ணுகின்றனர் போலும். உண்மையில், ஒரு நாட்டை அடக்கி அங்கே தங்கியிருந்த படை அந்நாட்டு மக்களுக்கு என்ன கடன்பட்டிருக்கின்றது என்னும் வினா அப்போதுதான் எழுகின்றது. அப்படை தோற்றுக் கலைந்துவிட்டால் அக்கடன் யாரைச் சேரும்? கடனுக்குப் பத்திரமே இல்லையெனின் அதனைக் கடன் என்று சொல்லத்தான் கூடுமா?

படை என்பது முதலில் ஒரு வயிறு. பின்னரே அது வாளும் துவக்கும். பிசிராந்தையார் என்னும் சங்கப் புலவர் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி பற்றி அறிவுரை கூறுமிடத்து, வயலுக்குள் தானே புகுந்துவிட்ட யானையை எடுத்துக்காட்டினார். அதன் வாய்க்குள் போவதைவிடக் காலின்கீழ் அழிவதே கூடுதலாகும் என்பது அவர் கருத்து. அரசிறைக்குச் சொல்லப்பட்ட இவ்வுவமை படைவழங்கலுக்கு இன்னும் பொருந்தும். யானை உண்டதை ஒருவாறு அளந்து கணக்கில் எழுதலாம். மிதித்ததை எழுதுவதற்கு எந்தக் கணக்கேட்டிலும் நிரல் இல்லை.

புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவுக்கு எதிரே, நீரேரிக்கு அப்பால், கற்பிட்டி இருக்கின்றது. 1667இற்கும் 1676இற்கும் இடையில் ஒல்லாந்தர் அங்கே கட்டிய கோட்டை இன்றும் நிற்கின்றது. கண்டி இராச்சியத்துக்கு இக்கரை வழியாக உப்பும் துணியும் செல்வதையும், அங்கிருந்து பாக்கு வெளியே வருவதையும் தம் பிடிக்குள் வைத்திருத்தலே அவர்களது நோக்கம். கோட்டையின் வரலாற்றை எழுதுவோர் அதன் மதிலையும் வாயிலையும் வருணிப்பர். மதிலுக்குள் இருந்தோருக்கு மீனும் விறகும் குடிநீரும் தோணியும் தோணி வலிப்போரும் எங்கிருந்து வந்தன என்று அவர்கள் கேட்பதில்லை. நீரேரியின் இரு கரைகளையும் தவிர அவற்றுக்கு வேறு மூலம் இருந்திருக்க இயலாது.

1795ஆம் ஆண்டு பெப்ரவரியில், பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி இங்கிலாந்துக்கு ஓடிய ஒறேஞ்சு இளவரசர், கியூ மாளிகையிலிருந்து ஒல்லாந்தக் குடியேற்றங்களுக்கு ஓலை அனுப்பினார். ஆங்கிலப் படையை நண்பராக ஏற்றுக்கொள்ளுமாறு அவர் கேட்டார். சமாதானம் வந்ததும் அவ்விடங்கள் திருப்பித் தரப்படும் என்பது ஏற்பாடு. திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார் என வரிசையாக வீழ்ந்தபின், நவம்பரிற் கற்பிட்டியும் கைமாறிற்று. 1796 பெப்ரவரியிற் கொழும்பு சரணடைந்தது. 1802இல் ஆமியன்சு உடன்படிக்கையில் ஆங்கிலேயருக்கு முறைப்படி உரிமையாகும்வரை இக்கரையோரம் முழுவதும், சட்டத்தின் கண்ணோட்டத்தில், பிறர் பொருளைக் காவல் செய்யும் ஒரு படையின் கையிலேயே இருந்தது.

கொழும்பின் சரணடைவு விதிகளில் ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. ஒல்லாந்தர் வெளியிட்டிருந்த கடன் முறிகளுக்கு 50,000 பவுண் வரையில் ஆங்கிலேயர் பொறுப்பேற்று, நூற்றுக்கு மூன்று வீதம் வட்டியும் கொடுக்க உடன்பட்டனர். எதிரியின் கடனை வென்றவன் ஏற்றான். சொத்தைப் பெறுபவன் சொத்தின்மேல் உள்ள பொறுப்பையும் பெறவேண்டும் என்பதை அன்றைய படைத்தலைவர்கள் அறியாதவரல்லர் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் முறிகளை வைத்திருந்தோர் யார்? கம்பெனியின் உத்தியோகத்தரும் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தாருமே. தோணி வலித்தவனுக்கு முறி எழுதிக் கொடுக்கும் வழக்கம் எக்கோட்டையிலும் இருந்ததில்லை. அவனுக்குக் கிடைத்தது வேறொன்று. படையெடுப்புக்குச் செலவிட்ட பணத்தை மீட்க விரும்பிய சென்னைக் கம்பெனி ஆட்சி, றொபேட் அன்றூசு என்பவரின் பொறுப்பில் தென்னை மரத்துக்கு வரி விதித்து, அதனை அறவிடச் சென்னையிலிருந்து அமில்தார்களையும் இறக்கிற்று. 1797இற் குடிகள் கிளர்ந்தெழுந்தனர். தெ மியூறன் தலைமையில் அமைக்கப்பட்ட குழு அவ்வாட்சிமுறையைக் கண்டித்தது; வரி கைவிடப்பட்டது. படை வந்த செலவை, அப்படையை அழைக்காதவரிடமே அறவிட முயன்ற கதை இது.

இதே ஆண்டுகளிலேயே இம்மானுவேல் கான்ற் இது பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்பது வியப்பான பொருத்தம். நிலையான சமாதானம் பற்றிய அவருடைய சிறுநூல் கற்பிட்டி கைமாறிய 1795இல் வெளிவந்தது. 1797இல் வெளிவந்த சட்டவியல் நூலில், போருக்குப் பின்னுள்ள உரிமையை அவர் தனியே ஆராய்ந்தார். வென்றவன் தோற்றவனிடம் போர்ச்செலவைக் கேட்கலாகாது; கேட்பின் தோற்றவனது போர் அநீதியானது எனக் கூறித் தண்டிப்பதாகிவிடும்; தண்டிக்க அவன் நீதிபதியல்லன் என்பது அவரது வாதம். வாதம் சிறந்ததே. ஆயின் அதில் இருவரே நிற்கின்றனர்: வென்ற அரசும் தோற்ற அரசும். இருவருக்கும் சோறு போட்ட மூன்றாமவன் கான்றின் பக்கங்களிலும் நன்கு தெரிவதில்லை.

மூன்றாமவனைச் சட்டம் காண நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1907ஆம் ஆண்டின் ஹேக் ஒழுங்குவிதிகளில் 52ஆம் உறுப்புரை, ஆக்கிரமித்த படை ஊராரிடம் பொருளோ உழைப்போ கேட்பதானால் தன் தேவைக்கு மட்டும், நாட்டின் வளத்துக்கேற்ற அளவிற் கேட்க வேண்டும் என்கின்றது. இயன்றவரை உடனே பணம் கொடுக்க வேண்டும். இயலாவிடிற் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்து, விரைவிற் பணத்தைச் செலுத்த வேண்டும். இச்சிறு துண்டுக் காகிதத்தைச் சட்டத்தின் பெரிய வெற்றிகளுள் ஒன்றாகவே கொள்ளலாம். எனினும் அதுவே ஒரு புதிய மயக்கத்துக்கும் இடந்தந்தது. பற்றுச்சீட்டு இருந்தாற் கடன் உண்டு, இல்லையெனிற் கடன் இல்லை என்பதுதான் அம்மயக்கம். பற்றுச்சீட்டு கடனுக்குச் சான்று. கடனுக்குக் காரணம் அன்று. ஒருவனது நெல்லை எடுத்ததே காரணம். சீட்டெழுத வேண்டியவன் எழுதாது விட்டமை அவனது இரண்டாவது தவறு. இரண்டாவது தவறு முதலாவதை அழிக்கும் என்று கூறும் நியாயம், இரு முறை திருடியவனை ஒரு முறை திருடியவனிலும் மேலானவனாக்கிவிடும்.

ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளின் பின் இக்கரைக்கு மீண்டும் பெரும்படை வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையின் வானூர்திகள் புத்தளத்து ஓடுபாதையில் நின்றன. சேற்றிற் புதைந்த வானூர்திகளை யானைகள் இழுத்தெடுத்தன. 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். பல்கலைக்கழகம் பேராதனைக்கு வருமுன்னரே அங்கே வந்து அமர்ந்தது ஒரு படையின் நிருவாகம் என்பதை மாணவர் பலர் அறிவதில்லை. பர்மாவையும் மலாயாவையும் மீட்கும் போர் அங்கிருந்தே நெறிப்படுத்தப்பட்டது. மலாயாவை மீட்டபின் எவ்வாறு ஆளுவது என்பதற்கோ 1943 முதலே இலண்டனில் றால்ப் ஹோன் தலைமையில் ஒரு திட்டக் குழு இருந்தது. 1945 செப்ரெம்பரில் மலாயாவில் இறங்கிய பிரித்தானிய இராணுவ நிருவாகம் 1946 ஏப்ரல் முதலாந் திகதி வரை ஆண்டது. ஒரு படை போய் இன்னொரு படை வரும் அவ்விடைவேளையில் தமிழருக்கு நேர்ந்ததைப் பார்த்தால், கற்பிட்டியிற் கண்ட வினாவின் முழு வடிவமும் தெரியவரும்.

முதலிற் பணம். யப்பானியப் படை மலாயாவில் நோட்டுகளை அளவின்றி அச்சிட்டு வழங்கிற்று. பத்து டொலர் நோட்டில் வாழைமரம் இருந்தமையால் அது வாழைமர நோட்டு எனப் பெயர் பெற்றது. திரும்பி வந்த பிரித்தானியர் அந்நோட்டுகள் செல்லா என அறிவித்தனர். அவற்றை ஏற்றிருந்தால் விலைவாசி கட்டுக்கடங்காது போயிருக்கும் என்பது அவர்கள் கூறிய நியாயம். அது பொய்யென்று ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் அந்நோட்டைத் தோட்டத் தொழிலாளி விரும்பி ஏற்கவில்லை. மறுத்தாற் கிடைப்பது கெம்பித்தாய்ப் பொலிசாரின் அடி. மூன்றரை ஆண்டு உழைப்பு ஒரே நாளிற் காகிதமாயிற்று. 1796இல் எதிரியின் முறியை ஏற்றவர்கள் 1945இல் எதிரியின் நோட்டை ஏற்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது மெய்தான். எனினும் வேறுபாட்டின் ஒரு பங்கு, காகிதத்திலன்றி, அதனைப் பிடித்திருந்த கையிலே இருந்தது என்ற ஐயம் நீங்குவதில்லை. கொடுத்தோரும் வாங்கியோரும் நீதிமன்றம் ஏறக்கூடிய வசதியுடையோராய் இருந்தவிடத்துச் சட்டம் இரக்கம் காட்டிற்று: ஆக்கிரமிப்புக் காலத்துக் கடன்களை நோட்டின் அவ்வக்கால மதிப்புக்கேற்பத் தீர்க்க 1948இல் ஒரு கட்டளைச்சட்டமே இயற்றப்பட்டது. தலையணைக்குள் கூலியைச் சேர்த்தவனுக்கு அத்தகைய அட்டவணை எதுவும் இல்லை.

அடுத்தது வரிசை. மலாயாத் தமிழர் வாயிற் சயாம் மரண ரயில் எனப்பட்ட சயாம்–பர்மாப் பாதை 415 கிலோமீற்றர் நீளமானது. 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் இணைக்கப்பட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தனர். 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் தொகை 80,000இற்கும் 100,000இற்கும் இடைப்பட்டதென மதிப்பிடப்படுகின்றது. அவருட் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள இருபதினாயிரம், இறந்த போர்க்கைதிகளின் முழுத் தொகையிலும் பெரிது. மதிப்பீட்டின் தவறெல்லைக்குள்ளேயே இருபதினாயிரம் மனிதர் கிடக்கின்றனர். போர் முடிந்ததும் இயங்கத் தொடங்கிய மீட்பு அமைப்பின் பெயரிலேயே போர்க்கைதிகளும் தடுத்துவைக்கப்பட்டோரும் இருந்தனர், கூலிகள் இல்லை. கைதிகள் சில வாரங்களில் வானூர்தியிலும் கப்பலிலும் ஏற்றப்பட்டனர். தொழிலாளர் பல மாதங்கள் முகாம்களிற் காத்திருந்தனர். இதனைக் கொடுமை எனல் மிகையாகலாம். நோயுற்ற தம் வீரரை முதலில் அழைத்துச் செல்லாத படை எங்குமில்லை. ஆனால் யார் முதலில் ஏறுவது என்ற பட்டியலை எழுதுபவன், தான் எழுதுவது அறநூலின் ஓர் அதிகாரம் என்பதை உணர்வதில்லை. இடப்பற்றாக்குறை என்ற சொல் அவனை அப்பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகின்றது. தோற்ற படைக்குக்கூட அந்நாட்களில் ஒரு புதிய பெயர் சூட்டப்பட்டது. போர்க்கைதி என்று அழைத்தால் 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி நடத்த வேண்டிவரும்; எனவே "சரணடைந்த யப்பானியப் படையினர்" என்றனர். அவருட் பலர் 1947 வரை தென்கிழக்காசியாவில் நிறுத்தப்பட்டு வேலை வாங்கப்பட்டனர். அவர்களுக்கும் பெயர்ப்பட்டியல் இருந்தது.

மூன்றாவது தண்டவாளம். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிற் பெரும் பகுதியை யப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாமுக்குக் கொண்டு சென்றனர். மலாயாப் புகையிரத சேவையில் யாழ்ப்பாணத்தார் எத்தனை பேர் நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் இருந்தனர் என்பதை மலாயன் பென்சன் வாங்கிய குடும்பங்கள் அறியும். போருக்குப்பின், சயாம் எல்லைக்குள் இருந்த பாதையைப் பிரித்தானியர் 1946இல் 1,250,000 பவுணுக்குச் சயாம் அரசுக்கு விற்றனர். மலாயா, பர்மா, ஒல்லாந்த இந்தியா ஆகிய நாடுகளின் புகையிரத சேவைகள் இழந்த பொருள்களுக்கு அத்தொகை ஈடாகக் கருதப்பட்டது. தண்டவாளத்துக்கு உரிமையாளர் இருந்தார்; அவரிடம் பதிவேடு இருந்தது; ஆகவே தண்டவாளத்தின் கடன் தீர்ந்தது. அதனைத் தோளிற் சுமந்து பதித்தவனின் கூலி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆகவே விற்பனை விலையில் அவனுக்குப் பங்கில்லை. எதிரியின் கொடுமைக்குப் பிரித்தானியர் பொறுப்பல்லர் என்று சிலர் கூறுவர். குற்றத்துக்கு அவர்கள் பொறுப்பல்லர்தான். பாதையை விற்றுக் காசு பெற்றவர்கள் என்ற வகையில், அப்பாதையின்மேல் நின்ற கூலிக் கடனுக்கு அவர்கள் பொறுப்பே.

குற்றமும் கடனும் இங்கே பிரிகின்றன. குற்றம் செய்தவனோடு நின்றுவிடும். பிள்ளையைத் தண்டித்தல் நீதியாகாது. கடன் சொத்தோடு இறங்கும். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே பெற்றோர் கடனைத் தீர்ப்பது புதல்வரின் கடமையாகக் கூறப்பட்டிருக்கின்றது. தந்தையின் காணியை ஏற்று, கடனை மட்டும் தந்தையோடு எரித்துவிட்டதாகச் சொல்லும் மகனை எந்த ஊரும் நல்லவன் என்று சொல்வதில்லை. அரசுகள் மட்டும் அவ்வாறு சொல்லித் தப்புகின்றன.

மன்னித்தல் என்னும் வழி ஒன்றிருக்கின்றதே என ஒருவர் கேட்கலாம். 1951 செப்ரெம்பரிற் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில், இலங்கையின் சார்பிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்தன, யப்பானிடம் இழப்பீடு கோருவதில்லை என அறிவித்தார்; பகையைப் பகையாற் தணிக்கவியலாது என்னும் புத்தர் வாக்கை அதற்கு ஆதாரங் காட்டினார். வான் தாக்குதல்களாலும், தென்கிழக்காசியப் படைத்தலைமையின்கீழ்ப் பெரும்படைகள் தங்கியிருந்ததாலும், இறப்பர் மரங்கள் அளவுமீறி வெட்டப்பட்டதாலும் நேர்ந்த சேதங்களை அவர் எடுத்துக் கூறிய பின்னரே அவ்வுரிமையை விட்டுக்கொடுத்தார். தங்கியிருந்த நட்புப் படையையும் சேதங்களுள் ஒன்றாக எண்ணியது அவ்வுரையில் அதிகம் கவனிக்கப்படாத நுட்பம். பெருந்தன்மை போற்றத்தக்கது, இலங்கை தனக்குரியதை விட்டது. ஆனால் அதே உடன்படிக்கையில் மலாயாவுக்காகக் கையெழுத்திட்டது பிரித்தானியா. 16ஆம் உறுப்புரை முன்னாட் போர்க்கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் ஒரு தொகை கிடைக்க வழி செய்தது. தொழிலாளர் அதில் அடங்கவில்லை. 1967இல் யப்பான் மலேசியாவுடன் செய்த உடன்படிக்கையின்படி வந்தவை இரு கப்பல்கள். தனக்கு வரவேண்டியதை விடுபவன் மன்னிக்கின்றான். பிறனுக்கு வரவேண்டியதை விடுபவன் அவனது பொருளை எடுத்துத் தானம் செய்கின்றான். காஞ்சனபுரியில் 1944இல் யப்பானியப் படையினரே எழுப்பிய நினைவுத்தூணில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. கொன்ற படை தமிழில் ஒரு வாசகம் எழுதிற்று. வென்ற படை அருகேயே ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகளை ஒழுங்காக நிரைப்படுத்தியது; அங்கே தமிழ்க் கூலிகளுக்கு இடமிருக்கவில்லை.

மலாயாக் கதையோடு இதனை நிறுத்திக்கொள்ளுதல் எளிது. அங்கே கடனாளிகள் அயலார். கரைத்தீவிலிருந்து வடக்கே வில்பத்துக் காட்டைக் கடந்தால் மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளம் வரும். 2007இல் மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படைத் தளமாயிற்று. போர் 2009இல் முடிந்தது. நூறு ஏக்கர் விடுவிக்கப்படும் என்ற அறிவிப்பு 2017 ஏப்ரலில், மக்களது தொடர் போராட்டத்தின் பின்னரே வந்தது. இதனைத் தமிழ் வாசகர் தயக்கமின்றிக் கண்டிப்பர், கண்டிக்கவும் வேண்டும்.

அதே அளவுகோல் இன்னொரு பக்கமும் திரும்ப வேண்டும். 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். பணமும் நகையும் கடைப்பொருளும் வாங்கி வைக்கப்பட்டன. அவருட் பெரும்பாலோர் வந்து இறங்கியது புத்தளக் கரையிலேதான். 2002இல் அவர்கள் திரும்பி வரலாம் என இயக்கத்தின் தலைமை ஒப்புக்கொண்டது. 2009இல் அவ்வியக்கமே அழிந்தது. எடுத்தவர் இல்லை, எனவே கடனும் இல்லை என்ற பேச்சு அதன்பின் கேட்கின்றது. மலாயாவில் ஒப்பாத வாதத்தை மானிப்பாயில் எப்படி ஒப்புவது? வீடு நிற்கின்றது, கடைத்தெரு நிற்கின்றது, நிலம் எங்கும் போகவில்லை. ஒரு முஸ்லிமின் வளவை ஒன்றும் அறியாது விலைகொடுத்து வாங்கியவன் குற்றவாளியல்லன். அவ்வளவின்மேல் ஒரு கடன் நிற்கின்றதா என்று கேட்கப்படும்போது அவனாற் சும்மா இருக்கவும் முடியாது.

பத்தாண்டு ஒரு காணியை உரியவனுக்கு எதிராக வைத்திருந்தவன் அதன்மேல் உரிமை கொண்டாடலாம் என்பது இந்நாட்டின் பழைய சட்டம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையுள்ள காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயலாற் தம் காணிக்குச் செல்ல முடியாதிருந்தோருக்கு எதிராக அவ்வாண்டுகளை எண்ணலாகாது என விதித்தது. கடனைக் காலம் தின்றுவிடாதபடி சட்டம் ஒரு தடை போட்டது. ஆயினும் நீதிமன்றத்துக்குச் செல்பவர் உறுதியும் நில அளவைப் படமும் கொண்டு செல்லவேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் வீட்டை விட்டவர்களிற் சிலர் உறுதியைத் துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தனர். சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தனர்.